மஞ்சள் மாறாத பர்னர்

1

இந்த ஊரில் என்னை இரண்டு விதமாக அறிவார்கள். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் இந்தியப் பெண் என்பது ஒன்று. கட்டடத்துக்கு அடியில் ஸ்டவ் வைத்திருக்கும் பைத்தியம் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் மரியாதை கொஞ்சம் கூடுதல்.

ஸ்வீடனில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் நிலவறையில் கம்பிவலை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் பிள்ளைகளின் பழைய சைக்கிள்களையும் போட்டு வைப்பார்கள். நான் பித்தளை பம்ப் ஸ்டவ்களும் கேஸ் லைட்டுகளும் வைத்திருக்கிறேன். நம் பக்கம் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் தலையில் சுமந்து வருவார்களே, உஸ்ஸென்று இரைந்துகொண்டு வெள்ளையாய் எரியும் விளக்கு, அதுதான். இங்கே அதைக் கோடையில் ஏரிக்கரைக் கூடாரத்தின் முன்னால் தொங்கவிடுகிறார்கள். பழைய சாமான் சந்தைகளில் ஒட்டடையும் பாசியுமாய்க் கிடப்பதை வாங்கி வந்து, பிரித்து, வாஷர் மாற்றி, எரிய வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஏன் இதைச் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் பட்ட அவமானங்கள் தனி. ஆங்கிலேயர் எழுதிய கையேடு ஒன்றில் மண்ணெண்ணெய்க்குப் 'பாரபின்' என்று போட்டிருந்தது. அதை நம்பி இங்கே கடையில் பாரபின் எண்ணெய் கேட்டேன். மருந்துக் கடைக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்த பெண் ஒரு குப்பியைக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளாகப் போகவில்லை?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியாமல், "நான்கு நாளாக எரியவில்லை" என்றேன். இங்கே அது மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மருந்து என்று பிறகுதான் தெரிந்தது. அவள் முகத்தில் வந்த இரக்கத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. போர் வந்தாலும் புயல் வந்தாலும் மின்சாரம் இல்லாமல் சமைக்க ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே வீட்டுக்கு வீடு கையேடு அனுப்பியது. எதிர்வீட்டு கர்ஸ்டின் அம்மாள் முதல் ஆளாக வந்து கதவைத் தட்டினார். ஆளுக்கொன்றாய் நான்கைந்து ஸ்டவ்கள் கைமாறின. அடுத்த வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. நிலவறையில் எரிபொருள் வைக்கக் கூடாதாம். ஸ்டவ் வைத்துக்கொள் என்கிறது அரசாங்கம், எண்ணெய் வைக்காதே என்கிறது சங்கம். தாலி கட்டு, ஆனால் கழுத்தைத் தொடாதே என்பது மாதிரி.

சுற்றி வளைக்கிறேன், தெரிகிறது. இந்த ஆடி வெள்ளியன்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை. இந்தப் பத்திகளுக்கு நடுவில் மூன்று தடவை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திறந்தேன்.

2

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அப்பா வீட்டோடு மாப்பிள்ளை என்பதால் தாத்தா வீடுதான் எங்கள் வீடு. அம்மாவுக்கு மூன்று தங்கைகள். நேர் அடுத்தவள் செண்பகவல்லி. நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் செத்துப் போனாள்.

கடைமடையில், முத்துப்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். செண்பகம் சித்திக்குக் காப்பி என்றால் உயிர். போகிற இடத்தில் நினைத்த நேரத்துக்கு விறகடுப்பை மூட்டிக் காப்பி போட முடியாதே என்று, தாத்தா கும்பகோணம் போய்ப் பாத்திரக் கடைத் தெருவில் பார்த்துப் பார்த்து ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் வாங்கி, பெயர் வெட்டி, சீரோடு சேர்த்து அனுப்பினார். கல்யாணம் ஆன எட்டாம் மாதம் ஆள் வந்து சொன்னான்: "நீங்க குடுத்த ஸ்டவ்வு வெடிச்சிடுச்சுங்க."

எங்கள் வீட்டில் அந்தக் கதை இந்த ஒரு வரிதான். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். தாத்தா மட்டும் பேசுவார். "நான் வாங்கிக் குடுத்த எமன்" என்பார். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போனாலும் அந்தத் தெருவின் முனையிலேயே நின்றுவிடுவார். உள்ளே கால் வைக்க மாட்டார். சாகும்வரை அப்படித்தான்.

ஒவ்வொரு ஆடியிலும் ஒரு வெள்ளிக்கிழமை சித்திக்குப் புதுப்புடவை வைத்துப் படைப்போம். மற்ற இரண்டு சித்திகளும், வசந்தாவும் மல்லிகாவும், பிள்ளை குட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வடை, பாயசம், முருங்கைக்கீரை, எல்லாம் இலையில் இருக்கும். காப்பி மட்டும் வைக்க மாட்டார்கள். ஏன் என்று நான் சின்ன வயதில் ஒரு தடவை கேட்டு அடி வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்குள் பம்ப் ஸ்டவ் நுழைந்ததே இல்லை. கேஸ் அடுப்பு வரும்வரை அம்மா விறகும் உமியுமாகவே காலம் தள்ளினாள். நான் இங்கே ஸ்டவ் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் போனில் ஒரு பாட்டம் அழுதாள். "ஒலகத்துல சேக்கறதுக்கு ஒனக்கு வேற சாமானே கிடைக்கலயாடி?" என்றாள். நான் வழக்கம்போல அறிவாளியாகி, பம்ப் ஸ்டவ் அவ்வளவு சுலபத்தில் வெடிக்காது, காற்றுத் திருகைத் திறந்தால் அடங்கிவிடும், சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றினால்தான் ஆபத்து என்று பாடம் எடுத்தேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இங்கே வந்து மூன்று மாதம் இருந்தாள். ஏரிக்கரைக்கு அழைத்துப் போனோம். நான் ஸ்டவ்வைப் பற்ற வைத்ததும் எழுந்து ஓடவில்லை. பக்கத்திலேயே முதுகைத் திருப்பி உட்கார்ந்து, முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். பயம் என்றுதான் நினைத்தேன்.

3

இந்தத் தையில் ஊருக்குப் போனபோது தம்பி வீட்டை இடித்துக்கொண்டிருந்தான். ஓட்டு வீட்டை எடுத்துவிட்டு மாடி கட்டப் போகிறானாம். அம்மா தற்காலிகமாக வேறு வீட்டில் இருந்தாள். பரணிலிருந்து இறங்கிய சாமான்களைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்தார். தம்பி ஒரு சாக்கு மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, "அக்கா, இதுல பித்தளை ஸ்டவ் ஒண்ணு கெடக்கு பாரு. ஒனக்குத்தான் பைத்தியமாச்சே, எடுத்துக்க. அம்மாகிட்ட நான் எடைக்குப் போட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றான்.

பச்சையாய்க் களிம்பேறிக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பரணில் ஸ்டவ் எப்படி வந்தது என்று அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை. கிடைத்தால் போதும் என்று புடவைகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பழைய ஸ்டவ்வை விமானத்தில் கொண்டுபோவது சாதாரண விஷயம் இல்லை. எண்ணெய் வாடை லேசாக இருந்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, விமான நிலையத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சோதனை செய்யும் அம்மா ஸ்டவ்வைக் கையில் எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, மூக்கருகில் வைத்து இழுத்து முகர்ந்தார்.

"ஏங்க, இதுல கிருஷ்ணாயிலே ஊத்துனதில்ல போலருக்கே" என்றார்.

"பழசுங்க மேடம், காஞ்சு போயிருக்கும்."

"எங்க வீட்டுலயும் இருந்துச்சுங்க. என்னதான் காஞ்சாலும் வாடை போகாது. இது புதுசு மாதிரில்ல இருக்கு. சும்மாவே வச்சிருந்தீங்களா? சரி, எடுத்துட்டுப் போங்க."

பிழைத்தேன் என்று பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். விமானம் ஏறி சாப்பாடு வந்த பிறகும் அந்த அம்மாவுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

வைகாசி வரைக்கும் அதைத் தொட நேரமில்லை. மகள் யாழினி வேறு ஊரில் கல்லூரிக்கு இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே வீடு மாறுவது மாதிரி பெட்டிகள் நிறைய ஆரம்பித்திருந்தன. தனியாக இருக்கப் போகிறவளுக்கு இருக்கட்டும் என்று என் சேகரிப்பில் சின்ன ஸ்டவ் ஒன்றைக் கொடுத்தேன். "அம்மா, அங்க இண்டக்‌ஷன் இருக்கு" என்று ஸ்வீடிஷில் சொல்லிவிட்டு என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இப்போதெல்லாம் மறுப்பது ஸ்வீடிஷிலும் கெஞ்சுவது தமிழிலுமாக ஆகிவிட்டது. எனக்குத் தமிழில் மறுத்திருந்தால் தேவலை.

ஒரு சனிக்கிழமை அந்த ஸ்டவ்வை மேசையில் வைத்துப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். களிம்பு விலக விலகத் தொட்டியின் தோளில் புள்ளிப் புள்ளியாய் எழுத்து வந்தது. சீர்ப் பாத்திரங்களில் உளி வைத்துத் தட்டிப் பெயர் வெட்டுவார்கள் இல்லையா, அந்த எழுத்து. முதலில் ஒரு 'கா'. அப்புறம் 'செண்'. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தையும் தேய்த்தேன்.

கா. செண்பகவல்லி.

வெடித்த ஸ்டவ் என் முன்னால் முழுசாக உட்கார்ந்திருந்தது. தொட்டியில் கீறல் இல்லை, பற்றவைப்பு விட்ட இடம் இல்லை, கால்கள் மூன்றும் நேராக இருந்தன. செத்துப் போனவளின் சீர் சாமானைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். அப்படித் திரும்பி வந்த மூட்டைதான் பரணில் கிடந்திருக்கிறது.

பர்னரைக் கழற்றினேன். ஸ்டவ் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இது தெரியும்: ஒருமுறை எரிந்த பர்னர் கறுத்துவிடும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் பழைய மஞ்சளுக்குத் திரும்பாது. இது மஞ்சளாக இருந்தது. பர்னரைச் சூடேற்ற ஸ்பிரிட் ஊற்றும் கிண்ணத்தில் கரி இல்லை. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் பட்டிருந்தால் அடியில் பழுப்பாய் ஒரு பூச்சு இருக்கும். உள்ளே கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தது. விமான நிலையத்து அம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

இது வெடிக்கவில்லை என்பதோடு போகவில்லை. இதை யாரும் ஒரு நாளும் பற்ற வைத்ததே இல்லை.

5

அதன் பிறகு நான் நானாக இல்லை. ஆய்வகத்தில் ஒரே தண்ணீர் மாதிரியை இரண்டு முறை சோதித்து எழுதினேன். சுடச்சுடச் சோறு வைத்துவிட்டு மறந்துபோய் ரொட்டி சாப்பிட்டேன். ஏரியைச் சுற்றி நடந்தேன், திரும்ப நடந்தேன். இங்கே கோடையில் சூரியன் விழமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எப்போது பார்த்தாலும் வெளிச்சம். மனசுக்கும் ஒரு மூலை இருட்டு கொடுக்காத வெளிச்சம்.

அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால், இத்தனை வருடம் ஒரு ஸ்டவ்வைச் சபித்துக்கொண்டிருந்தவள், இனி எதைச் சபிப்பாள்? எழுபதைத் தாண்டியவள். சொல்லாவிட்டால், தாத்தாவைப் போலவே அவளும் அந்தப் பொய்யோடு போய்ச் சேருவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றைத்தான் எங்கள் குடும்பம் இத்தனை காலம் தின்றிருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரர் நிதானமானவர். "அந்த வீட்டுல வேற ஸ்டவ் இருந்திருக்கலாம்ல?" என்றார். நியாயமான கேள்விதான். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

யாழினி பர்னரை விரலால் தடவிப் பார்த்தாள். "போலீஸ் ஏன் இதப் பாக்கல?" என்றாள்.

"யாரும் போலீசுக்குப் போகல."

"ஏன்?"

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த 'ஏன்'-க்கு எங்கிருந்து பதில் சொல்வது? "பாட்டிகிட்ட கேக்கணும்" என்றேன்.

"அப்ப கேளு" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

6

ஆடி மூன்றாம் வெள்ளி. அங்கே படையலுக்கு இலை போடும் நேரம் இங்கே காலை. குடியிருப்பின் முற்றத்தில், எல்லோரும் இறைச்சி சுடும் கல்மேடையில் ஸ்டவ்வை வைத்தேன். புது வாஷர் போட்டாகிவிட்டது. எண்ணெய் மட்டும் ஊற்றவில்லை. யாழினி போனைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நட்டாயிற்று என்று அம்மா ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் சித்திகளின் சத்தம்.

"அம்மா, கொஞ்சம் கொல்லப் பக்கம் வாயேன். ஒன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்."

மாட்டுக் கொட்டகைக்கு அருகே வந்து நின்றாள்.

"செண்பகம் சித்தியோட ஸ்டவ் என்கிட்டதான் இருக்கு."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒந்தம்பி எடைக்குப் போட்டுட்டேன்னான். விட்டுதுடா சனியன்னு இருந்தேன்" என்றாள்.

"அது வெடிக்கலம்மா."

"தெரியும்."

முற்றத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது. நான் கேட்கவே தேவையில்லாமல் அம்மா பேச ஆரம்பித்தாள்.

"சீரு சாமான் திரும்பி வந்தன்னிக்கு மூட்டைய நாந்தான் பிரிச்சேன். அடைப்பெடுக்குற ஸ்டவ் பின்னு சுத்துன காயிதம்கூடப் பிரிக்காம இருந்துச்சு. அந்த வீட்டுல வெறகடுப்புதான், வேற ஸ்டவ்வு கிடையாது. மருமவளுக்குத் தனியா என்ன ஸ்டவ்வு வேண்டிக்கெடக்குன்னு மாமியாக்காரி எடுத்து மேல வச்சிட்டாளாம். செண்பகம் இங்க வந்தப்ப எங்கிட்ட சொல்லி அழுதா, ஒரு வாய் காப்பிக்கு அவ்வளவு பேச்சு பேசுறாங்க அக்கான்னு."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? அப்பாட்ட சொன்னா அருவாளத் தூக்கிட்டுக் கெளம்பியிருப்பாரு. இங்க வசந்தாவும் மல்லிகாவும் கட்டிக்குடுக்க நின்னுதுங்க. கேசு, கோர்ட்டுன்னு அலையிற வீட்டுல எவன்டி வந்து பொண்ணு கேப்பான்? மூட்டையக் கட்டி நானே பரண்ல ஏத்துனேன். அவளா செஞ்சுக்கிட்டாளா, அவங்க செஞ்சாங்களா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்டவ்வு செய்யல. அது ஒண்ணுதான் தெரியும்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா சாவக்கெடக்கையிலயும், நான் வாங்கிக் குடுத்த எமன்னுதான் சொன்னாரு. பக்கத்துல ஒக்காந்து காலப் புடிச்சு விட்டுக்கிட்டிருந்தேன். அப்பயும் வாய் வரலடி. பாவி நான்."

"அம்மா, அப்பறம் ஏன் ஸ்டவ்வுன்னா அவ்வளவு பயந்த?"

"வெடிச்சிடும்னா பயந்தேன்? பத்த வச்சா நல்லா எரிஞ்சிடுமேன்னு பயந்தேன். ஏரிக்கரையில நீ பத்த வச்சியே, எவ்வளவு அழகா எரிஞ்சுச்சு! அத எப்படிடி நான் கண்ணால பாக்குறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாழினி போனை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டாள்.

அம்மாதான் முதலில் தேறினாள். "அது இப்ப எரியுமா?"

"எரியும்."

"அப்ப பத்த வை."

"அம்மா, வேணாம்" என்றாள் யாழினி, பதறிப் போய். "எரிஞ்சா கறுத்துடும்னு நீதான சொன்ன? ப்ரூஃப் போயிடும்."

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. அந்த மஞ்சள் பர்னர் ஒன்றுதான் சித்திக்கு இருந்த ஒரே சாட்சி.

"யார்ட்ட கண்ணு காட்டப் போறோம்?" என்றாள் அம்மா. "காட்ட வேண்டிய மனுசன் போய்ச் சேந்துட்டாரு. அவ வாக்கப்பட்ட வீட்டுலயும் ஒருத்தரும் மிச்சமில்ல. இன்னும் ரெண்டு பேருக்குத்தான் தெரியணும். இரு, கூப்புடுறேன்."

கொட்டகையிலிருந்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வசந்தா! மல்லிகா! எலைய அப்பறம் போட்டுக்கலாம், இங்க வாங்கடி."

நான் எண்ணெய் ஊற்றினேன். அந்தத் தொட்டி முதன்முதலாக எண்ணெய் குடித்தது. கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன். பர்னர் சூடேறும்வரை சித்திகள் இருவரும் அம்மாவின் தோளுக்கு இருபுறமும் முகத்தை நுழைத்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருகை மூடிப் பம்ப் அடித்தேன். மஞ்சளாய்த் தாவிய தீ ஒரு நொடி தடுமாறி, உஸ்ஸென்று நீலமாய் நின்றது. கண்ணெதிரில் பர்னர் கறுத்துக்கொண்டு வந்தது.

"யாரு ஸ்டவ்வுக்கா அது?" என்றாள் வசந்தா சித்தி.

"செண்பகத்தோடது."

"வெடிச்சிடுச்சுன்னீங்களேக்கா?"

"வெடிக்கல. பாரு."

மல்லிகா சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த உஸ் சத்தம் இரண்டு தேசத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "பால் வச்சிருக்கியா? ஒரு டம்ளர் காப்பி போட்டு அவ பேரச் சொல்லி வை. சக்கர தூக்கலா போடணும், அவளுக்கு."

போட்டேன். டம்ளரைக் கல்மேடையில் வைத்துவிட்டு, அணைப்பதற்காகக் காற்றுத் திருகில் கை வைத்தேன்.

"அணைக்காதடி" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."